ஆம்புலன்ஸ் எஞ்சினில் ஒரு சொட்டை

நான் பொன்னாடையோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? “பாஸ், அந்த ஆம்புலன்ஸ் கதைய எழுதுங்க, புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்” என்று நம் தொழில் சங்கத்துச் செயலாளராக இருக்கிற தங்கச்சி போனில் கேட்டாள். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை. கதையைச் சொல்கிறேன்.

பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் கடை வைத்திருந்தேன். எஞ்சின் சாமான்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் துருவையும் பழைய எண்ணெயையும் போக்கி, பவுடர் பெயிண்ட் அடித்து, அடுப்பில் வேகவைத்துப் புதுசு மாதிரித் திருப்பித் தருவேன். அந்த அடுப்பு, மூடிப்போன ஒரு பேக்கரியில் வாங்கியது. முதல் ஆறு மாதம் என்னிடம் வந்த எஞ்சின் கவர்கள் எல்லாம் சீனி பணிஸ் வாசத்தோடுதான் திரும்பிப் போயின. யாரும் குறை சொல்லவில்லை.

நம்மிடம் வருகிற ஆட்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொனட்டைத் திறந்தால் மட்டும் தெரிகிற சாமானுக்கு வர்ணம் பூசக் கேட்கிறவன், பொனட்டை அடிக்கடி திறக்கிறவன். வண்டி அடிக்கடி நின்றுபோவதால் திறக்கிறான். இரத்தினபுரியிலிருந்து ஒரு கல் முதலாளி வந்தார். மடித்த தாளிலிருந்து ஒரு நீலக்கல்லை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டி, “இந்த நீலம் வேணும் பாஸ், எஞ்சினுக்கு” என்றார். மூன்று தடவை கலந்து பார்த்து அதே நீலத்தை அடித்துக் கொடுத்தேன். அந்த எஞ்சின் குடிக்கிற எண்ணெயில் ஒரு குடும்பமே பலகாரம் சுடலாம். ஆனால் நீலமாக உட்கார்ந்து குடிக்கிறது. முதலாளிக்குப் பரம திருப்தி.

நான் தொழில் பழகியது இரத்தினபுரியில், ஒரு சிங்கள மேஸ்திரி பாஸிடம். பாராட்டுவதற்கு வாய் வராத மனுஷன். என் வேலையைப் பார்த்து அவர் சொன்ன ஆகப் பெரிய புகழ்ச்சி “ம்”. ஆனால் டேப் ஒட்டுகிற விஷயத்தில் அவர் ஒரு பிசாசு. போல்ட் உட்காரும் இடம், கேஸ்கட் உட்காரும் இடம், எர்த் வயர் பூட்டும் இடம் எல்லாவற்றையும் டேப்பால் மறைத்த பிறகுதான் பவுடரைக் கையில் தொட விடுவார். “ஒக்கோம லஸ்ஸன வென்ன ஓனே நே” என்பார். எல்லாமே அழகாக இருக்க வேண்டியதில்லையாம். அப்புறம் தனக்குத் தெரிந்த தமிழில், “பெயிண்ட் அடிக்க எல்லாருக்கும் ஏலும். அடிக்காம விடத்தான் ஆள் வேணும்” என்பார்.

அதை நான் மறந்துபோய்த் தப்புப் பண்ணியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன். மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் எதற்கு? விசிட் என்று வந்துவிட்டால் எல்லாத் தோட்டமும் ஒன்றுதான். கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரிய ஆட்களும், அவர்களோடு தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களும் தொழிலாளர் நலனைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. நலனைப் பார்க்க ஆள் வருகிறதென்றால் தோட்டத்துக்கு முதலில் வந்து இறங்குவது பெயிண்ட் வாளி. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை. மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சுவரில் ரோட்டுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் மஞ்சள். கக்கூஸ் கதவுகளுக்குப் பச்சை அடித்துப் பூட்டும் போட்டார்கள், விசிட் முடியும்வரை யாரும் உள்ளே போய் அழுக்காக்கிவிடக் கூடாதென்று. லயத்து ஜனங்கள் ஒரு வாரம் காட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் இருந்தது. மூக்கு வைத்த பழைய ஜப்பான் வேன். ஓட்டுகிறவன் லோகநாதன், எல்லோருக்கும் லோகு. அதே தோட்டத்து லயத்துப் பிள்ளை. தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவான். அவன் ஓட்டிக்கொண்டு போகும்போதே வண்டிக்குள் பிறந்துவிட்ட பிள்ளைகளை வைத்து ஒரு வகுப்பு நடத்தலாம். அந்த வண்டி எஞ்சின் இறக்கி ரிப்பேருக்கு டவுன் கராஜுக்கு வந்த நேரத்தில் தோட்டத்து மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. விசிட் நாளில் ஆம்புலன்ஸின் பொனட்டைத் திறந்து வைத்து எஞ்சினைக் காட்டினால் என்ன? சாமான்களெல்லாம் என் கடைக்கு வந்து சேர்ந்தன.

மாம்பழ மஞ்சளும் கறுப்புமாக அடித்தேன். பொய் சொல்லக் கூடாது, என் கையில் வந்த வேலைகளிலேயே அதுதான் அழகு.

மேனேஜர், அதாவது தோட்டத்துப் பேச்சில் துரை, நேரில் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பிராக்கெட்டில் ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவுக்கு வெறும் இரும்பு தெரிந்தது. அங்கே விரலை வைத்தார்.

“இது என்ன பாஸ், சொட்டை விழுந்த மாதிரி?”

“அது எர்த் வயர் பூட்டுற எடம் சேர். அங்க இரும்பு தெரியணும். பவுடர் பட்டா கரண்ட் போகாது.”

“பொனட்டத் தொறந்து வைக்கப் போறோம் பாஸ். ஃபோட்டோ எடுப்பாங்க. பாக்குற ஆளுக்கு இது துரு மாதிரித்தானே தெரியும்?”

“ஓடுற வண்டிதானே சேர்…”

“உங்க கடை பேரப் போட்டு ஒரு போர்டும் பக்கத்துல வைக்கச் சொல்லியிருக்கேன். கொழும்புல எல்லாரும் உங்க வேலையப் பத்திப் பேசுவாங்க” என்றார்.

போர்டு என்றதும் என் மூளை மழுங்கிவிட்டது. சொட்டையை மூடி, மறுபடி அடுப்பில் வைத்தேன். பூட்டுகிற அன்றைக்கு அரத்தால் லேசாகச் சுரண்டிவிடலாம், வயரின் முனையை வைத்தால் மறைந்துவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல யோசனைதான். பூட்டுகிற அன்று நான் துணியை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பளபளவென்று துடைப்பதிலேயே இருந்தேன். சுரண்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. என் கண்ணுக்குக் குறையில்லாமல் இருந்ததை நான் ஏன் சுரண்டப் போகிறேன்?

கராஜில் அது ஸ்டார்ட் ஆனதே என்று கேட்பீர்கள். பெட்டரி இறங்கியிருந்ததால் பக்கத்து வண்டியிலிருந்து வயர் போட்டார்கள். அந்த வயரை நேராக எஞ்சினிலேயே கௌவக் கொடுத்ததால் உடனே பிடித்துக்கொண்டது. லோகு வழியில் எங்கும் நிறுத்தாமல் தோட்டத்துக்கு ஏறினான். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் பதிகிற மைதானத்தில், காட்சிக்கு நிறுத்திச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அத்தோடு முடிந்தது. அது இனி எழும்பாது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

விசிட் நாள். பொனட் திறந்திருக்கிறது, எஞ்சின் மின்னுகிறது, பக்கத்தில் என் கடைப் பெயர் போட்ட போர்டு. நான் சட்டைப்பையில் ஒரு கட்டு விசிட்டிங் கார்ட்டோடு நிற்கிறேன். தோட்டத்து ஆட்டோக்களையெல்லாம் பார்வைக்கு அசிங்கம் என்று துரை காலையிலேயே டவுனுக்கு அனுப்பிவிட்டார். கொழுந்து லொறியும் அவற்றோடு போய்விட்டது. கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் புதுச் சேலை கொடுத்து மலையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் அதை வானத்திலிருந்து படமெடுக்க ஒரு ட்ரோன் கொண்டுவந்திருந்தார்கள்.

மலைக்கு மேலே ஒரு பெரிய கல் உண்டு. அதில் குளவிக் கூடு இருப்பது தோட்டத்தில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். பெண்களை மேய்க்கிற கங்காணி அதைப் படமெடுக்கிறவர்களிடம் சொல்லப் போயிருக்கிறார். “அந்தாளக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, படத்துல விழுறாரு” என்று பதில் வந்ததாம். ட்ரோன் நேராகப் போய்க் கூட்டில் மோதியது.

புதுச் சேலையோடு பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். நலன் பார்க்க வந்தவர்கள் வண்டிகளில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றினதை இறக்கவேயில்லை. பலாங்கொடை தாண்டித்தான் நின்றார்களாம். துரையின் ஜீப்பிலும் அவர்களில் நாலு பேர் ஏறிப் போய்விட்டார்கள்.

ஏழெட்டுப் பேருக்குக் கொட்டு. ஒரு பெண்ணால் மட்டும் ஓட முடியவில்லை. சரோஜா. ஐம்பது வயதிருக்கும், முட்டிவலிக்காரி. தலை, கழுத்து, முகம் என்று மொய்த்துவிட்டன. கொழுந்து கொட்டுகிற படங்குத் துணியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்கள். முகம் வீங்கிக் கண் மறைந்துபோயிருந்தது. மூச்சை இழுக்கும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. டிஸ்பென்சரி மிஸ் ஓடிவந்து இருந்த ஒரு ஊசியைப் போட்டாள்.

“தொண்ட அடைச்சிக்கிட்டு வருது. இது ரொம்ப நேரம் தாங்காது. ஒடனே ஆஸ்பத்திரிக்கு எடுங்க!”

சரோஜாவை ஏற்றினார்கள். லோகு சாவியைத் திருப்பினான்.

டிக்.

மறுபடி திருப்பினான். டிக்.

பிள்ளைகளே, அந்த முதல் டிக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வயர், எந்த பிராக்கெட், எத்தனை விரற்கடை என்றுகூட. ஒரு கத்தியை எடுத்துச் சுரண்டினால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் துரை நிற்கிறார், கணக்கப்பிள்ளை நிற்கிறார், பாதித் தோட்டம் நிற்கிறது, என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட போர்டும் நிற்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பெட்டரியா இருக்கும்.”

சொன்னது பெயிண்ட் பாஸ் அல்லவா, நம்பினார்கள். இரண்டு பேர் ஆபீசுக்கு ஓடினார்கள், அங்கே ஜெனரேட்டரில் இருந்த பெட்டரியைக் கழற்றி எடுத்துவர. அதற்குள் இருபது பேர் சேர்ந்து வேனைத் தள்ள ஆரம்பித்தார்கள். “ஓட்டோ கியர் வண்டிங்க, தள்ளினா ஸ்டார்ட் ஆவாதுங்க!” என்று லோகு உள்ளேயிருந்து கத்துகிறான். யார் கேட்டார்கள்? பொனட்டைத் திறந்தபடி, மஞ்சள் எஞ்சினைக் காட்டிக்கொண்டு, சரோஜாவோடு அந்த வண்டி களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் போர்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி நின்றது.

வெளி ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டார்கள். மலை ஏறி வர முக்கால் மணித்தியாலம் என்றார்கள்.

பெட்டரி வந்தது. மாற்றினார்கள். டிக்.

துரை லோகுவின் மேல் பாய்ந்தார். “என்ன வண்டி பாக்குற நீ? லைட்டப் போட்டு வச்சிருந்தியா? ஒரு நாள், இந்த ஒரு நாள் ஒழுங்கா வச்சிருக்க ஏலாதா?” லோகுவின் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

“அண்ணே, நீங்க செஞ்ச வேலைல பிழை இருக்காதுண்ணே. நான்தான் என்னமோ பண்ணிட்டேன் போல. கொஞ்சம் பாருங்கண்ணே. அக்காக்கு மூச்சு நிக்கப் போவுது.”

அட பாவி, அப்படியா கேட்பது? அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னும் நாலு நிமிஷம் பெட்டரியைப் பற்றிப் பேசியிருப்பேன்.

பக்கத்தில் நின்றவர் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கினேன். தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி, தாடியே மழிக்கலாம். லோகு ஸ்பேனரைக் கொடுத்தான், நட்டைக் கழற்றினேன், கத்தியை வைத்து இழுத்தேன். மாம்பழ மஞ்சள் சுருள் சுருளாக வந்தது.

“ஏய், ஏய்! பெயிண்ட்! அவங்க திரும்பி வந்தாலும் வருவாங்க!” என்று துரை கத்தினார்.

“சேர், வாய மூடிக்கிட்டு நில்லுங்க” என்றாள் டிஸ்பென்சரி மிஸ். அந்தத் தோட்டத்தில் ஒரு துரைக்கு யாரும் அப்படிச் சொன்னதை அதுவரை நான் கேட்டதில்லை.

இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வயரை வைத்து இறுக்கினேன். லோகு சாவியைத் திருப்பினான், எஞ்சின் எழும்பியது. பொனட்டை அடித்து மூடினேன். வண்டி போய்விட்டது.

“என்னா பிழை பாஸ்?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பொய்க்கு எந்தச் சாக்கும் இல்லை. வண்டி போய்விட்டது, அவசரம் முடிந்துவிட்டது, எல்லோரும் என் முதுகைத் தட்டுகிறார்கள்.

“எர்த் லூசா இருந்திச்சி” என்றேன்.

துரை என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சொட்டையை மூடச் சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். லூசாக இருந்ததென்றால் இறுக்காதது யார்? தினமும் வண்டியைப் பார்க்க வேண்டியவன். அவன் அந்த நேரம் மலை வளைவுகளில் ஒரு உயிரை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான், மறுத்துப் பேச அங்கே இல்லை.

சரோஜா பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். நான் தாமதித்தது எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரியாது. விசாரணை நடந்தது. தோட்டங்களில் விசாரணை என்றால் முடிவை முதலில் எழுதிவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். லோகுவை ஆம்புலன்ஸிலிருந்து எடுத்து ஃபாக்டரியில் விறகு தள்ளப் போட்டார்கள். அடுப்பு வேலைக்கு வெள்ளைச் சட்டை எதற்கு?

எனக்குப் பொன்னாடை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேடை போட்டு, ஆபத்தில் உதவியவர் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போர்த்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சரோஜா. கழுத்தில் கொட்டின காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. “அண்ணே, நீங்க இல்லாட்டி நான் இல்லண்ணே” என்று அழுதாள். எனக்கு அப்படியே மேடைக்குக் கீழே போய்விட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. கும்பிட்டேன், படத்துக்குச் சிரித்தேன், படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினேன். அதைப் பார்த்து வந்த வேலைகளுக்கும் குறைவில்லை. நீங்கள் பார்த்த படம் அதுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவு. டேப் ஒட்டி அடிக்காமல் விட்ட இடத்தை மூடச் சொல்கிறவர் துரையாக இருந்தாலும், கல் முதலாளியாக இருந்தாலும், போனில் வீடியோ எடுக்கும் உங்கள் கூட்டாளியாக இருந்தாலும் மூடாதீர்கள். மூடித் தொலைத்தீர்களென்றால், முதல் டிக்கிலேயே வாயைத் திறந்துவிடுங்கள். இரண்டாவது டிக்குக்கு அப்புறம் வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் மூன்று வருஷமாகப் பார்த்தவன்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுத உட்கார்ந்தபோது டிக் என்ற இடம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் பொன்னாடையை ஒரு பையில் சுற்றிப் போட்டுக்கொண்டு மேலே போகிற பஸ்ஸில் ஏறினேன்.

லோகு ஃபாக்டரி அடுப்புக்கு முன்னால் நின்றான். இடுப்பில் சாக்கு, கையெல்லாம் கரி. “வாங்கண்ணே, என்னா இந்தப் பக்கம்? கடையப் பூட்டிட்டீங்களாமே” என்று சிரித்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டை, போர்டு, பெட்டரி, எர்த் லூஸ். நடுவில் அவன் இரண்டு கட்டையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினான்.

“தெரியும்ணே” என்றான்.

“என்னா தெரியும்?”

“கத்தியப் புடுங்கின ஒடனே நேரா அந்த எடத்துலதான கைய வச்சீங்க. வேற ஒரு எடம் பாக்கலையே. தெரியாத ஆளுன்னா தேடுவாங்கல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், அவன் மேல் பாய்ந்தது. “அப்ப ஏன்டா மூணு வருஷமா வாயத் தொறக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேண்ணே” என்றான்.

அவன் கைகால் கழுவிவிட்டு வரும்வரை வாசலில் நின்றேன். பிறகு பொன்னாடைப் பையை எடுத்துக்கொண்டு, விசாரணைத் தாளைத் திருத்தி எழுதக் கேட்க இரண்டு பேரும் துரை ஆபீசுக்கு ஏறினோம்.